கலர் தேய்ந்த வழக்கு

செல்லூரில் இருக்கும் மண்டலக் கைத்தறி வடிவமைப்பு உயர்நிலை மையத்தில் உயரமாக இருந்தது மாடிப்படி ஒன்றுதான். கீழே சந்து முழுக்க விசைத்தறிகள் இரைந்துகொண்டிருக்கும். மேலே மையம். அந்த இரைச்சலில் ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழாது என்பதால், மையத்தின் நிர்வாகம் தொடக்கம் முதலே எழுத்து மூலமாக நடந்துவந்தது. மைய அலுவலர் முத்திருளனுக்கும் வடிவமைப்பாளர் ரவிசங்கருக்கும் நடுவே ஒரு பிளைவுட் தட்டிதான் மறைப்பு. ஆனாலும் ஒரு குண்டூசி வேண்டுமென்றால் ரவிசங்கர் 'ஐயா, வணக்கம்' என்று தொடங்கி எழுதிக் கொடுத்துவிட்டு, அது தட்டியைச் சுற்றிக்கொண்டு வரும்வரை காத்திருப்பான். தட்டியின் மேலாகக் கையை நீட்டினாலும் குண்டூசி கிடைக்கும். ஆனால் அது வழங்கப்பட்ட குண்டூசி ஆகாது.

நெசவாளர்களுக்குப் புதுப்புதுச் சேலை டிசைன் வரைந்து கொடுப்பது மையத்தின் வேலை. வரைகிறவன் ரவிசங்கர். வில்லாபுரத்திலிருந்து தினமும் டிவிஎஸ் ஃபிப்டியில் வருகிற சௌராஷ்டிரக் குடும்பத்துப் பிள்ளை. அப்பா காலம்வரை வீட்டில் தறி ஓடியது. அவன் வரைவதற்காக 1998-இல் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதைத் திறந்துவைக்க மேலிடத்திலிருந்து வந்தவர், ரிப்பனை வெட்டிவிட்டு, இனி நெசவாளர் வாழ்வில் கோடி வண்ணங்கள் பூக்கும் என்று பேசினார். வண்ணங்கள் விஷயத்தில் அவர் சொன்னது ஓரளவுக்கு உண்மை. அது அத்தனை நிறம் காட்டும் கம்ப்யூட்டர்தான்.

2003-இல் ஒரு நாள் அது நின்றுபோனது. கம்ப்யூட்டர் ஓடியது, நிறங்கள் நின்றுபோயின. காலையில் ரவிசங்கர் அதைப் போட்டபோது திரையில் மொத்தம் பதினாறு நிறம்தான் இருந்தது. அரக்கு, குங்குமம், மிளகாய்ச் சிவப்பு மூன்றும் ஒரே சிவப்பாக நின்றன. மாந்துளிரும் இலைப்பச்சையும் ஒன்றாகிவிட்டன. மயில்கழுத்து நிறத்தை எங்கே தேடியும் காணோம். அரக்குச் சேலைக்கு வாடாமல்லிக் கரை போடுவதா வேண்டாமா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டியவன், மனதுக்குள் பார்த்து முடிவு செய்யும்படி ஆயிற்று. தெரிந்த ஒருவரைக் கேட்டதில், உள்ளே கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டது, கம்ப்யூட்டருக்கும் வயசாகிவிட்டது, அந்த ஒரு கார்டை மட்டும் கொஞ்சம் நல்லதாக வாங்கிப் போட்டால் இன்னும் மூன்று நாலு வருஷம் தள்ளலாம் என்றார்.

ரவிசங்கர் 'ஐயா, வணக்கம்' எழுத உட்கார்ந்தபோது ஒச்சம்மாள் கம்ப்யூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒச்சம்மாள் மையத்தின் துப்புரவுப் பணியாளர். செக்கானூரணியிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, எல்லாரும் வருவதற்குள் கூட்டிப் பெருக்கி வைத்திருப்பாள். பத்து வருஷமாகத் தினக்கூலி. அவளை நிரந்தரமாக்கும் பட்டியலில் இந்த வருஷம் பெயர் போயிருந்தது. நிரந்தரமானால் போட்டோ ஒட்டிய அடையாளக் கார்டு தருவார்கள் என்று யாரோ சொல்லி, கோரிப்பாளையத்தில் ஒரு ஸ்டூடியோவில் போட்டோவும் எடுத்து வைத்துவிட்டாள். மாத்திரை வாங்கினால்கூட அந்தப் போட்டோ இருக்கிற கவரிலிருந்துதான் காசு எடுப்பாள். மையத்தில் அவளுக்கு மிகவும் பிடித்த பொருள் கம்ப்யூட்டர். கழித்துப்போட்ட சுங்குடித் துண்டை லேசாக நனைத்துப் பிழிந்து, திரையையும் பெட்டியையும் தினமும் துடைப்பாள். வேறு எதையும் அவள் இரண்டு தடவை துடைத்ததில்லை.

என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். கார்டு வேண்டுமென்று எழுதுவதாக அவன் சொன்னான்.

"உங்களுக்குமா தம்பி கார்டு வரல?"

"எனக்கில்லக்கா. கம்ப்யூட்டருக்கு."

"அட, அதுவும் தினக்கூலிதானா?" என்று அவள் அதைப் பரிவோடு பார்த்தாள். "வரும், வரும். நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணா வரும்."

இதைக் கேட்டு ரவிசங்கருக்கு மனசு இளகிவிட்டது. அரசு அலுவலகத்தில் மனசு இளகியிருக்கும்போது எதையும் எழுதக் கூடாது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவளைப் பற்றியும் நாலு நல்ல வார்த்தை மேலிடத்துக்குப் போகட்டும், நிரந்தரமாவதற்கு உதவும் என்று நினைத்து, விண்ணப்பத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்தான். 'மேற்படி கணினி, துப்புரவுப் பணியாளர் திருமதி ஒச்சம்மாள் அவர்களால் நாள்தோறும் தவறாமல் துடைக்கப்பட்டு நல்ல முறையில் பராமரிக்கப்பட்டு வருகிறது என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

விண்ணப்பம் தட்டியைச் சுற்றிப் போய் முத்திருளனிடம் சேர்ந்தது. முத்திருளன் கெட்டவர் இல்லை. ஓய்வு பெறுவதற்குள் தன் மேல் ஒரு தூசும் படக் கூடாது என்பதைத் தவிர அவருக்கு வேறு கொள்கை கிடையாது. ஆட்சிமொழி விதிப்படி கோப்பில் ஆங்கிலச் சொல் இருக்கக் கூடாது என்று அவர் 'கிராஃபிக்ஸ் கார்டு' என்பதை அடித்துவிட்டு, 'வரைபட அட்டை' என்று தம் கையால் எழுதி மேலே அனுப்பினார்.

மேலிடத்தில் இருந்தவர்கள் நெசவுத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். வரைபடம் என்றால் அவர்களுக்கு ஒன்றுதான். டிசைனைக் கட்டம் போட்ட கிராஃப் தாளில் வரைவார்கள். அந்தக் கட்டத்தைப் பார்த்து அட்டையில் ஓட்டை போடுவார்கள். அந்த அட்டைகளைக் கோத்துத் தறியின் தலையில் மாட்டினால், ஜக்கார்டு பெட்டி ஓட்டையைப் பார்த்து நூலைத் தூக்கிச் சேலையில் பூ விழவைக்கும். வரைபட அட்டை கேட்ட ஒரே அரசு ஊழியனை அவர்கள் மனமாரப் பாராட்டி, கிடங்கில் இருந்த அவ்வளவு ஜக்கார்டு அட்டையையும் ஒரு டெம்போவில் ஏற்றி அனுப்பிவைத்தார்கள். கிராஃப் தாளும் ரெண்டு பண்டல் கூட வந்தது.

சந்துக்குள் டெம்போ நுழைய முடியாமல், ஒச்சம்மாளும் தறிக்காரர்கள் நாலு பேருமாகச் சுமந்து மாடியேற்றினார்கள். வைக்க வேறு இடமில்லாததால் எல்லாம் ரவிசங்கரின் மேஜையைச் சுற்றிச் சுவர் மாதிரி அடுக்கப்பட்டது. அதற்குள் நுழைய அவன் ஒருக்களித்துப் போக வேண்டியிருந்தது. இது அது இல்லை சார் என்று அவன் முத்திருளனிடம் போய் முறையிட்டான்.

"நீங்க கேட்டது ஒத்தக் கார்டு," என்றார் முத்திருளன். "அரசாங்கம் ஒரு வண்டி நெறையக் குடுத்திருக்கு. என் சர்வீஸ்ல கேட்டதவிடக் கூடக் குடுத்து நான் பாத்ததே இல்ல. மூஞ்சிய ஏன் அப்படி வச்சிருக்கீங்க?"

ரவிசங்கர் விளக்கமாக இன்னொரு கடிதம் எழுதினான். இந்த முறை தப்பு நேரக் கூடாது என்று கடையில் கேட்டு, கார்டின் விவரத்தைத் தெளிவாகக் குறித்தான். கம்ப்யூட்டர் போர்டில் அந்தக் கார்டு உட்காரும் காடிக்கு ஏ.ஜி.பி. என்று பெயர். கார்டின் நினைவகம் எம்.பி. கணக்கில். ஆகவே, 'தேவைப்படுவது ஏ.ஜி.பி. வகை, 32 எம்.பி. உடையது' என்று எழுதினான். விடாமல் துடைத்துப் பராமரிக்கப்படும் கணினி என்ற வரியை இதிலும் சேர்த்தான். நல்லதை இரண்டு தடவை சொன்னால் என்ன போச்சு என்பது அவன் எண்ணம்.

அரசு அலுவலகத்தில் ஏ.ஜி.பி. என்றால் ஒரே பொருள்தான்: அடிஷனல் கவர்ன்மென்ட் பிளீடர், அதாவது அரசின் கூடுதல் வழக்கறிஞர். எம்.பி. என்றாலும் ஒரே பொருள்தான். அது கட்சி சார்ந்தது. கடிதத்தைப் படித்ததும் முத்திருளன் எழுந்து நின்றுவிட்டார். தட்டியைச் சுற்றி அவரே நேரில் வந்தார். மையத்தின் வரலாற்றில் அது முதல் தடவை.

"முப்பத்திரண்டு எம்.பி.யா?" என்றார் தாழ்ந்த குரலில். "எந்தக் கட்சி?"

கட்சி இல்லை சார், மெகா பைட் என்று ரவிசங்கர் சொல்லிப் பார்த்தான். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. மொத்தத் தமிழ்நாட்டுக்கும் முப்பத்தொன்பது எம்.பி.தான், அதில் முப்பத்திரண்டு பேர் பின்னால் நிற்கிற ஆள் இப்படி அடக்கமாகத்தான் பேசுவான் என்று அவருக்குத் தோன்றியது. அன்றைக்கு அவனுக்கு வடையும் டீயும் வந்தது. கோப்பு 'மிக அவசரம்' என்று சிவப்பு மையில் எழுதப்பட்டு, வழக்கறிஞரின் சட்டக் கருத்துக்காக அனுப்பப்பட்டது.

வழக்கறிஞருக்கு அட்டையைப் பற்றியும் தெரியாது, கார்டைப் பற்றியும் தெரியாது. அவர் சட்டத்தை மட்டும் பார்த்தார். பொருள்களின் ஆயுட்கால விதியில் கம்ப்யூட்டர் என்று தனி இனம் இல்லாததால், அதை 'இரும்புப் பெட்டி மற்றும் பீரோ' என்ற இனத்தில் சேர்த்திருந்தார்கள். பீரோவின் ஆயுள் இருபது வருஷம். ஐந்து வயது பீரோ தன் நிறங்களை இழந்தது என்றால் அது இயற்கையாக நடந்திருக்க முடியாது. ஆகவே புதிய கார்டு வாங்குவதற்கு முன்னால், பழைய நிறங்கள் யாரால் போயின என்று விசாரித்துப் பொறுப்பை நிர்ணயம் செய்ய வேண்டும் என்று அவர் கருத்துச் சொன்னார்.

விசாரணை அலுவலர் ஒருவர் நியமிக்கப்பட்டார். ஓய்வு பெற்றவர், விசாரணைக்கென்றே திரும்ப வேலைக்கு எடுக்கப்பட்டவர். அட்டைச் சுவருக்குள் ஒருக்களித்து நுழைந்து, கம்ப்யூட்டரின் எதிரே உட்கார்ந்து, சவுகரியமாகச் சாய்ந்துகொண்டு முதலில் ஒரு சிற்றுரை ஆற்றினார்.

"யாரும் பயப்பட வேண்டியதில்ல. முப்பது வருஷமா விசாரணை பண்றேன். என் விசாரணை ஒண்ணுகூட குற்றவாளி இல்லாம முடிஞ்சதில்ல. தப்பே நடக்காத கேஸ்லகூட ஆள் கெடச்சிருக்கு. நான் யாரையும் தேடிப் போறதில்ல. கோப்பப் படிப்பேன். அதுல தானா வரும்."

அவர் கோப்பைப் படித்தார். அதில் தானாக வந்தது. 'நாள்தோறும் தவறாமல் துடைக்கப்பட்டு' என்ற வரியின் கீழே கோடு போட்டார். இரண்டாவது கடிதத்தில் 'விடாமல்' என்ற சொல்லின் கீழே இரண்டு கோடு போட்டார். இதை எழுதியது நீங்கள்தானே என்று ரவிசங்கரைக் கேட்டார். ஆமாம் என்றான். சாட்சியத்துக்கு நன்றி என்றார்.

துடைப்பதால் திரையில் நிறம் போகாது, நிறம் உள்ளே கார்டிலிருந்து வருகிறது என்று அவன் எடுத்துச் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சேலையைத் தினமும் அடித்துத் துவைத்தால் சாயம் போகுமா போகாதா என்று மட்டும் கேட்டார். சேலைக்குப் போகும் என்று அவன் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதுவும் எழுதப்பட்டது.

ஒச்சம்மாளைக் கூப்பிட்டார்கள். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அட்டைகளுக்கு வெளியிலேயே நின்றாள். எதால் துடைத்தாய், ஈரத்தாலா, அழுத்தித் துடைத்தாயா என்று கேள்விகள் வந்தன. எல்லாவற்றுக்கும் அவள் உண்மையே சொன்னாள். போன வருஷ ஆயுத பூஜையன்று திரையில் வைத்த சந்தனம் காய்ந்துபோய், மறுநாள் அதை நகத்தால் சுரண்டி எடுத்ததையும் அவளாகவே சொன்னாள். சந்தனம் வைத்தது யார் என்று அலுவலர் கேட்டார். முத்திருளன் இருமினார். சந்தனம் பற்றிய பகுதி மட்டும் பதிவிலிருந்து நீக்கப்பட்டது. சுரண்டியது இருந்தது.

விசாரணை முடியும்வரை அவள் கம்ப்யூட்டரின் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவாயிற்று. விசாரணை நிலுவையில் இருப்பதால் நிரந்தரப் பட்டியலில் அவள் பெயர் நிறுத்திவைக்கப்பட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் ரவிசங்கர் மாடிப்படியில் அவளைப் பிடித்தான். மன்னிப்புக் கேட்க வேண்டும், எழுதியது என் தப்பு என்று சொல்ல வேண்டும் என்று வந்தவனை அவள் பேசவே விடவில்லை.

"நான்தான் தம்பி தேச்சுப்புட்டேன்," என்றாள். "அந்த வலது மூலையில ஒரு கற இருந்துச்சுல்ல? அது போகணும்ண்டு கொஞ்சம் அழுத்தித்தான் தொடச்சேன். பளிச்சுன்னு இருக்கட்டும்ண்டு செஞ்சது. உங்க பொழப்பு அதுலதான் ஓடுதுண்டு தெரிஞ்சும் செஞ்சுப்புட்டேனே."

தேயாது அக்கா, அப்படியெல்லாம் நடக்காது என்று அவன் எவ்வளவோ சொன்னான். படிச்ச பெரிய மனுசர் சொல்றாரு, நீங்க என்மேல இரக்கப்பட்டுச் சொல்றீக என்று அவள் பஸ்ஸுக்கு நடந்துவிட்டாள். ரவிசங்கர் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவள் அவனைத் திட்டியிருந்தால் அவனுக்குச் சாப்பாடாவது இறங்கியிருக்கும். அவள் தன்னையே திட்டிக்கொண்டது அவனால் தாங்க முடியாததாக இருந்தது. அவன் எழுதிய நல்ல வார்த்தையை எடுத்து அவளை அடித்துவிட்டார்கள், அவளும் அடி சரிதான் என்று வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் அவன் முத்திருளனிடம் போய், கம்ப்யூட்டரைக் கெடுத்தது நான்தான், நானே ஒத்துக்கொள்கிறேன், அந்த அம்மாவை விட்டுவிடுங்கள் என்றான். முத்திருளன் கதவைச் சாத்தினார். தட்டியில் கதவு இல்லை. இருந்தாலும் சாத்துகிற மாதிரி கையை அசைத்தார்.

"நல்ல மனசு ஒங்களுக்கு. ஆனா நடைமுறை தெரியல," என்றார். "நீங்க நிரந்தர ஊழியர். நீங்க தப்புப் பண்ணுனா, ஒங்கள மேப்பார்வை பாத்த நான் தப்பு. நான் தப்புன்னா எனக்கு மேல இருக்கவரு தப்பு. இது எங்க போய் நிக்கும்? தப்பு மேல ஏறுச்சுன்னா நிர்வாகம் தாங்காது. அது கீழதான் எறங்கணும், எறங்கி தரையில போய் நிக்கணும். தரைக்குக் கீழ யாரும் இல்ல பாருங்க, அதோட முடிஞ்சிரும். அந்தம்மா தினக்கூலி. அவுகளுக்கு மேல யாருமே பொறுப்பில்ல. எம்புட்டுச் சவுகரியம்."

சரி, கார்டே வேண்டாம், விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றான். முப்பத்திரண்டு எம்.பி. சம்பந்தப்பட்டதைத் திரும்பப் பெற அவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் முத்திருளன்.

ரவிசங்கருக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. நிறங்கள் போகவே இல்லை என்று காட்டிவிட்டால், போனதற்குக் குற்றவாளி தேவையில்லை. தீபாவளிக்கென்று சீட்டுக் கட்டிச் சேர்ந்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டான். மனைவி ஸ்ரீலட்சுமியிடம், ஆபீசில் ஒரு தப்பு நடந்துவிட்டது, அதைச் சரிசெய்ய வேண்டும் என்று மட்டும் சொன்னான். தப்பு செய்கிறவர்கள் எல்லாம் கைக்காசு போட்டுச் சரிசெய்ய ஆரம்பித்தால் ஆபீசுகள் திருந்திவிடுமே என்று அவள் சௌராஷ்டிரத்தில் சொன்னாள். தமிழில் சொன்னால் இவ்வளவு உறைக்காது. ஆனால் தடுக்கவில்லை.

கோரிப்பாளையத்தில் சிவக்குமார் என்பவரின் கம்ப்யூட்டர் கடை மாடியில் இருந்தது. மையத்தின் பெட்டியைப் பழுது பார்க்க எடுத்துப்போனால் அதற்கொரு கோப்பு போட வேண்டும் என்பதால், ரவிசங்கர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெட்டியைத் திறந்து, செத்த கார்டை மட்டும் கழற்றி டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுபோயிருந்தான். சிவக்குமார் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதன் விசிறியில் பஞ்சு அடைத்திருந்தது. கீழேயிருக்கிற தறிகளிலிருந்து ஏறி வந்த பஞ்சு.

"தூசி அடச்சு, சூடேறிச் செத்திருக்குண்ணே," என்றார். "வெளிய நல்லாத் தொடச்சு வச்சிருக்கீங்க போல, பொட்டிக்கு வெளிய தெரியுற இந்தத் தகடு பளபளன்னு இருக்கு. உள்ளயும் யாராச்சும் தொடச்சிருந்தா பொழச்சிருக்கும்."

ரவிசங்கர் அந்தப் பஞ்சை விரலால் எடுத்துப் பார்த்தான். பிறகு நல்ல கார்டாக ஒன்று எடுக்கச் சொன்னான். சிவக்குமார் அட்டைப் பெட்டிகளை எடுத்துப் பரப்பினார். ஒன்றின் மேல் கவசம் போட்ட பெண் வாளோடு நின்றாள், இன்னொன்றின் மேல் டிராகன் நெருப்புக் கக்கியது. இவையெல்லாம் கேம் விளையாடுகிறவர்களுக்கு, உங்கள் பழைய போர்டில் உட்காரவும் உட்காராது என்றார். புதுக் கார்டுகளில் காடிக்குள் உட்காருவதற்கான வெட்டு வேறு இடத்தில் இருந்தது. அழுத்திப் போட்டால் போர்டும் போய்விடும். பழைய காடிக்குப் பொருந்துகிற மாதிரி, படம் எதுவும் இல்லாத வெறும் கவரில் ஒரு 32 எம்.பி. கார்டு அலமாரியின் அடியில் கிடந்தது. விளையாடுவதற்கு ஆகாது, நிறம் மட்டும் ஒழுங்காகக் காட்டும் என்றார். ரவிசங்கருக்கு அது போதும்.

முத்திருளன் மதியத் தூக்கத்தில் இருந்தபோது அவன் கார்டைப் போட்டான். கம்ப்யூட்டர் முனகி எழுந்தது. அரக்கு தனியாக வந்தது, குங்குமம் தனியாக வந்தது. மயில்கழுத்து வந்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒச்சம்மாளைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல இருந்தது. அவள் இந்தப் பக்கம் வரக் கூடாது என்ற உத்தரவு ஞாபகத்துக்கு வந்தது.

இறுதி விசாரணையன்று ரவிசங்கர் தானே முன்வந்து அலுவலரை அட்டைகளுக்குள் அழைத்துப் போனான்.

"பாருங்க சார். எல்லா நெறமும் இருக்கு. எதுவும் தேயல. யாரும் எதையும் கெடுக்கல."

அலுவலர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். முத்திருளனும் பார்த்தார். வெளியே ஒச்சம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அட்டை அடுக்குகளின் இடுக்கு வழியாக அவள் முகம் துண்டு துண்டாகத் தெரிந்தது. அலுவலர் திரும்பி, அவளை நான் எப்போது இதன் பக்கம் போகக் கூடாது என்று சொன்னேன் என்று கேட்டார். முத்திருளன் தேதியைச் சொன்னார். அதற்குப் பிறகு அவள் தொட்டாளா என்று கேட்டார். தொடவே இல்லை என்று ரவிசங்கர் ஆர்வமாகச் சொன்னான். அவளுக்குச் சாதகமான எதையும் அவன் விடத் தயாராக இல்லை.

"கை பட்டுச்சு, தேஞ்சுச்சு," என்றார் அலுவலர், மெதுவாக, ரசித்து. "கை நின்னுச்சு, கலர் வளந்துருச்சு. இதவிட நிரூபணம் வேணுமா? முப்பது வருஷத்துல இம்புட்டுச் சுத்தமான கேஸ் எனக்கு அமையல."

ரவிசங்கருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், கார்டு நான் வாங்கிப் போட்டது சார், என் சொந்தக் காசில், கோரிப்பாளையத்தில், வேண்டுமானால் பெட்டியைத் திறந்து காட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டே திருப்புளியை எடுத்தான். முத்திருளன் பாய்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

அலுவலர் கோபிக்கவில்லை. "தம்பி, நீங்க சொல்றது உண்மையாகூட இருக்கலாம்," என்றார். "ஆனா கார்டு வாங்குற கோப்பு இன்னும் மேலதான இருக்கு? வாங்காத கார்டு உள்ள இருக்குன்னு நான் எப்படி எழுதுறது? எழுதுனா, அந்த முப்பத்திரண்டு எம்.பி.க்கும் யாரு பதில் சொல்றது? உண்மைய நான் எப்பவும் மறுத்ததில்ல. அது வர வேண்டிய வழியில வரணும், அம்புட்டுத்தான்."

அப்படியானால் அந்த அம்மாவின் கதி என்ன என்று ரவிசங்கர் கேட்டான். அவர் வெளியே நின்றவளை ஒரு தடவை பார்த்தார். ரொம்ப நல்ல மாதிரி, விசாரணைக்கு முழு ஒத்துழைப்புக் கொடுத்தார்கள் என்று அறிக்கையிலேயே எழுதுகிறேன் என்றார்.

எழுதினார். ஒச்சம்மாளின் பெயர் நிரந்தரப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. தினக்கூலியும் நிறுத்தப்பட்டது. நிறங்கள் தாமாகவே திரும்பிவிட்டதால் கார்டு வாங்கும் தேவை எழவில்லை என்று கோப்பு முடிக்கப்பட்டது. அரசுக்கு ஏற்பட்ட சேமிப்புக்காக முத்திருளனுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. எல்லா மையங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை போயிற்று. கணினிகளை எவரும், எக்காரணம் கொண்டும், எத்துணியாலும் துடைக்கக் கூடாது.

செல்லூரில் துடைக்காமல் இருப்பது என்றால் என்னவென்று சுற்றறிக்கை எழுதியவர்களுக்குத் தெரியாது. தறிப் பஞ்சு மாடியேறி வந்து எல்லாவற்றின் மேலும் உட்காரும். ரவிசங்கரின் திரையிலும் உட்கார்ந்தது. அதன் பின்னால் எல்லா நிறங்களும் எரிந்துகொண்டிருந்தன. அவன் துடைக்கவில்லை. சுற்றறிக்கைக்குப் பயந்து என்று சொல்ல முடியாது. அந்தத் திரை பளிச்சென்று இருப்பதைப் பார்க்க அவனுக்கு மனசு வரவில்லை. ஜக்கார்டு அட்டைகளோடு வந்த கிராஃப் தாளில், கலர் பென்சிலால் டிசைன் போட்டுக்கொண்டிருந்தான்.

ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் ஒச்சம்மாள் வந்தாள். விட்டுப்போன தூக்குவாளியை எடுக்க வந்தாளாம். ஒரு மாவு மில்லில் கூட்டுகிற வேலை கிடைத்திருக்கிறது என்றாள். ரவிசங்கர் அவளை உள்ளே வரச் சொன்னான். அவள் தயங்கித் தயங்கி, அட்டைகளுக்கு நடுவே ஒருக்களித்து வந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்ததை அவன் சொன்னான். எழுதியது நான், வரியைச் சேர்த்தது நான், கார்டை வாங்கிப் போட்டதும் நான். உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை, எல்லாம் என்னால் வந்தது என்றான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தான்.

அவள் முழுக்கக் கேட்டாளா என்பது தெரியவில்லை. கீழே தறி இரைந்துகொண்டிருந்தது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்காச்சும் கார்டு வந்துருச்சே தம்பி," என்றாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள்.

பிறகு திரையின் மேல் அவ்வளவு பஞ்சு படிந்திருப்பதைப் பார்த்ததும் அவள் கை தன்னால் முந்தானையை எடுத்துக்கொண்டு போனது. வலது மூலைப் பக்கம் போன கை, தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. அவள் சூடு பட்டவள்போலக் கையை இழுத்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

துடையுங்க அக்கா, ஒன்றும் ஆகாது என்றான் ரவிசங்கர். அவன் குரல் கெஞ்சியது.

"வேணாம் தம்பி," என்றாள் ஒச்சம்மாள். "இப்பத்தான் வளந்து வந்திருக்கு."

தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, வாரேன் என்று சொல்லிவிட்டு, அட்டைகளில் சேலை பட்டுவிடாமல் பார்த்துப் பார்த்து வெளியே போனாள்.